நூலகக் கணினிகளை இயக்க ஆள் தேவை

புது தில்லி: பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நூலகர் பணியில் சேர விரும்புவோருக்கு இருக்க வேண்டிய தகுதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. நூலக அறிவியலில் 55 சதவீத மதிப்பெண்களுடன் முதுநிலைப் பட்டம், தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி என்று நீளும் அந்தப் பட்டியலின் நடுவே, நூலகக் கணினிமயமாக்கம் பற்றிய அறிவும் வேண்டும் என ஒரு சிறு தொடர் இடம்பெற்றுள்ளது.

அந்த அறிவு எந்த அளவுக்கு இருக்க வேண்டும், அதை எவ்வாறு சோதிப்பது என்பதையெல்லாம் விதிமுறைகள் விரித்துரைக்கவில்லை. ஆயினும் அந்தச் சிறு தொடருக்குள் இன்று ஒரு தனித் தொழிலே அடங்கியிருக்கிறது.

நூலகத்தின் சர்வரைப் பேணுவது, நூற்பட்டியல் தரவுத்தளத்தைப் பிழையின்றி வைத்திருப்பது, விலை கொடுத்து வாங்கிய மின்னிதழ்கள் விடுதி அறையில் இருக்கும் மாணவருக்கும் திறக்கின்றனவா எனப் பார்ப்பது, முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் சேமிப்பது, பழைய மென்பொருளில் இருக்கும் லட்சக்கணக்கான பதிவுகளைச் சேதமின்றிப் புதிய மென்பொருளுக்குக் கொண்டு செல்வது ஆகியவை இத்தொழிலின் அன்றாட வேலைகள். மேலை நாடுகளில் இவ்வேலையைச் செய்பவரை "சிஸ்டம்ஸ் லைப்ரரியன்" என்று அழைக்கின்றனர். இந்தியாவில் இவ்வேலை ஏறக்குறைய எல்லாப் பெரிய நூலகங்களிலும் நடைபெறுகிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அதற்கென்று ஒரு பெயர் கிடையாது.

பெயரில்லாத பணியிடம்

வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் இந்தப் பெயரைத் தேடும் இளைஞர் ஏமாற்றமடையவே வாய்ப்பு அதிகம். உதவி நூலகர், நூலகத் தகவல் உதவியாளர், தொழில்நுட்ப உதவியாளர், திட்டப் பணியாளர் எனப் பல பெயர்களுக்குள் இவ்வேலை மறைந்திருக்கிறது. 1990-களில் பல்கலைக்கழக நூலகங்களைக் கணினி வலையமைப்பில் இணைக்கும் பணி தொடங்கியபோது, சில பல்கலைக்கழகங்களில் "தகவல் விஞ்ஞானி" என்ற பணியிடம் ஏற்படுத்தப்பட்டது. கணினியும் நூலகமும் சேர்ந்த பணிக்கு இந்திய உயர்கல்வித் துறை தந்த பெயர்களில் அது ஒன்று. எனினும், அப்பணியிடம் எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பரவவில்லை.

இதன் விளைவைப் பல கல்லூரிகளில் காணலாம். மென்பொருள் வாங்கப்பட்டிருக்கும், சர்வரும் வந்திருக்கும். அதை நிறுவிய தனியார் நிறுவனத்தின் ஊழியர் இரண்டு நாள் பயிற்சி அளித்துவிட்டுச் சென்றிருப்பார். பிறகு ஏதேனும் கோளாறு ஏற்பட்டால், கணினித் துறை ஆசிரியரையோ, தொலைபேசியில் அந்த நிறுவனத்தையோ நாட வேண்டியிருக்கும். கணினி தெரிந்தவருக்கு நூற்பட்டியல் தெரியாது. நூற்பட்டியல் தெரிந்தவருக்குக் கணினி தெரியாது என்ற நிலையில், இரண்டையும் அறிந்த ஒருவர் நுழைந்தால் அவருக்கு உடனே வேலை இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளில் பல மென்பொருள்கள்

இந்திய நூலகங்களில் கணினி பரவத் தொடங்கியது 1980-களின் பிற்பகுதியில். யுனெஸ்கோ உருவாக்கிய "சி.டி.எஸ். ஐசிஸ்" என்ற மென்பொருள் அப்போது நாடெங்கும் பல நூலகங்களுக்குச் சென்றது. 1988-இல் தில்லியில் நூலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் "டெல்நெட்" அமைப்பு தொடங்கப்பட்டது. ஒரு நூலகத்தில் இல்லாத நூலை மற்றொரு நூலகத்திடமிருந்து இரவலாகப் பெற அது வழிவகுத்தது. தில்லி நூலகங்களுக்காகத் தொடங்கிய அந்த அமைப்பு இன்று நாடு முழுவதும் உறுப்பினர்களைக் கொண்டிருக்கிறது.

1991-இல், பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாக "இன்ஃப்ளிப்நெட்" தொடங்கியது. ஆமதாபாதில் செயல்பட்டுப் பின்னர் காந்திநகருக்கு இடம்பெயர்ந்த இந்த மையம், பல்கலைக்கழக நூலகங்களுக்கான "சோல்" மென்பொருளை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2009-இலும், மூன்றாம் பதிப்பு 2021-இலும் வந்தன. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய "இ-கிரந்தாலயா" அரசு நூலகங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. இவை தவிர, தனியார் நிறுவனங்களின் மென்பொருள்களும் விற்பனையாகி வருகின்றன.

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது "கோஹா". மாவோரி மொழியில் அச்சொல்லுக்குக் கொடை என்று பொருள். பெயருக்கேற்ப, அதன் மூல நிரல் எவர் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறவும், மாற்றவும், பகிரவும் திறந்து வைக்கப்பட்டது. உரிமக் கட்டணம் கட்ட இயலாத கல்லூரிகள் முதல் பெரிய உயர்கல்வி நிறுவனங்கள் வரை இந்தியாவிலும் பலர் அதற்கு மாறினர்.

ஒரு நூலகம் நாற்பது ஆண்டுகளில் மூன்று மென்பொருள்களைக் கடந்து வந்திருந்தால் அதில் வியப்பில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரே கேள்விதான் எழுகிறது: பழைய பதிவுகள் அனைத்தும் பத்திரமாக வந்து சேர்ந்தனவா?

மாற்றத்தில் தொலையும் நூல்கள்

நூலகத்தின் அலமாரியில் ஒரு நூல் இருந்தும், பட்டியலில் அதன் பதிவு சிதைந்திருந்தால் வாசகரைப் பொறுத்தவரை அந்த நூல் இல்லாத நூலே. இலக்கங்களும் குறியீடுகளும் நிறைந்த வேலை என்று தோன்றும் தரவு மாற்றத்தின் உண்மையான பொறுப்பு இதில்தான் இருக்கிறது.

நூற்பதிவுகளைக் கணினி படிக்கும் வகையில் அமைக்க உலகெங்கும் பயன்படும் வடிவம் "மார்க்". அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1960-களில் அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஹென்ரியட் அவ்ரம். அவர் நூலகம் பயின்றவர் அல்லர், கணினி நிரலாளர். இன்று வழக்கில் உள்ள "மார்க் 21" வடிவத்தில் ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245, பொருள் தலைப்புக்கு 650 எனத் தனித்தனி எண்கள் உள்ளன. ஆனால் சி.டி.எஸ். ஐசிஸ் மென்பொருளில் ஒவ்வொரு நூலகமும் தனக்கு வேண்டியபடி எண்களை வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு நூலகம் தலைப்பை 200 என்ற எண்ணின்கீழ் வைத்திருக்கும். மற்றொன்று வேறு எண்ணில் வைத்திருக்கும். எந்த எண்ணில் எது இருக்கிறது என்பதை அறியாமல் தரவுகளை மாற்றினால், ஆசிரியர் பெயர் தலைப்பாகவும், பதிப்பகம் ஆசிரியராகவும் போய் விழும்.

பிரதிகளிலும் சிக்கல் உண்டு. பாடநூல் ஒன்றின் 10 பிரதிகளைப் பழைய பட்டியலில் 10 தனி நூல்களாகப் பதிந்து வைத்திருப்பது பரவலான வழக்கம். புதிய மென்பொருளில் நூலுக்கு ஒரு பதிவும், அதன்கீழ் 10 பிரதிகளுக்குரிய சேர்க்கை எண்களும் இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் மாற்றினால், தேடும் மாணவர் முன் ஒரே தலைப்பு பத்து முறை வந்து நிற்கும். எந்தப் பிரதி அலமாரியில் உள்ளது என்பதைத் தெரிந்துகொள்ளப் பத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இந்திய மொழி நூல்களின் நிலை இன்னும் கடினம். யூனிகோடு பரவுவதற்கு முன்னர், இந்திய மொழிகளுக்கு 1991-ஆம் ஆண்டின் "இஸ்கி" தரநிலையும், எழுத்துரு தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் வகுத்துக்கொண்ட தனித்தனிக் குறியேற்றங்களும் புழக்கத்தில் இருந்தன. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்த ஹிந்தித் தலைப்போ தமிழ்த் தலைப்போ, புதிய கணினியில் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தோன்றும். எழுத்துருச் சிக்கலைத் தவிர்க்க ரோமன் எழுத்தில் தலைப்புகளைப் பதிந்த நூலகங்களும் பல. அங்கே தேவநாகரியில் தட்டச்சு செய்து தேடும் மாணவருக்கு விடை கிடைப்பதில்லை. ஒரே எழுத்தாளரின் பெயர் முதலெழுத்து முன்னும் பின்னும் மாறி மூன்று விதமாகப் பதிவாகியிருந்தால், அவருடைய நூல்கள் மூன்று ஆசிரியர்களுடையவை போலச் சிதறிக் கிடக்கும்.

இவற்றைக் கண்டறிந்து திருத்தக் கணினி அறிவு மட்டும் போதாது. எது சரியான பதிவு என்பது தெரிய நூற்பட்டியல் விதிகளும், மொழிகளும், நூல்களைப் பற்றிய பழக்கமும் வேண்டும். இன்று பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை தரும் விடையைச் சரிபார்க்கவும் இதே அறிவுதான் தேவைப்படுகிறது.

அலமாரிக்கு வெளியே

நூலகத் தொழில்நுட்பப் பணி அச்சு நூல்களோடு நின்றுவிடவில்லை. ஆய்வேடுகளை மின்வடிவில் சமர்ப்பிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிமுறை வகுத்தது. அதைத் தொடர்ந்து இன்ஃப்ளிப்நெட் நடத்தும் "சோத்கங்கா" களஞ்சியம் உருவானது. அதில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை எவரும் படிக்கலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட "டிஸ்பேஸ்" என்ற திறந்த மூல மென்பொருளில் அது இயங்குகிறது. பல கல்வி நிறுவனங்கள் தங்கள் ஆசிரியர்களின் கட்டுரைகளையும் பழைய வினாத்தாள்களையும் சேமிக்க இதே மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், ஆய்வேடுகளை ஒப்புமைச் சோதனை மென்பொருளில் பரிசோதிக்கும் பொறுப்பும் பல இடங்களில் நூலகத்திடமே வந்து சேர்ந்துள்ளது.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய தேசிய மின் நூலகம் 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல்வேறு நிறுவனங்களின் களஞ்சியங்களில் உள்ளவற்றை ஒரே இடத்தில் தேடித் தருவது அதன் பணி. அந்தத் தேடலில் ஒரு கல்லூரியின் ஆவணம் தென்பட வேண்டுமானால், அந்தக் கல்லூரியின் களஞ்சியத்தில் விவரங்கள் தரநிலைப்படி பதிவாகியிருக்க வேண்டும்.

அண்மைக்காலத்தின் பெரிய மாற்றம் "ஒரே நாடு, ஒரே சந்தா" திட்டம். இதற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை, மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடிப் பேர் படிக்க இத்திட்டம் வகை செய்கிறது. இதை ஒருங்கிணைப்பது இன்ஃப்ளிப்நெட்.

சந்தா தில்லியில் முடிவானாலும், கட்டுரை திறக்க வேண்டியது மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அரசுக் கல்லூரியின் கணினியில். கல்லூரியின் இணைய முகவரிகளைப் பதிவு செய்வது, மாணவர்களுக்குப் பயனர் கணக்குகளை ஏற்படுத்துவது, வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் வசதியை அமைப்பது, படித்து முடித்துச் சென்றவரின் கணக்கை நீக்குவது ஆகியவற்றை அங்கே ஒருவர் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் இல்லாத கல்லூரியில், ஏட்டளவில் உள்ள 13,000 இதழ்களும் மாணவருக்கு எட்டாதவையே. பெருநகர நிறுவனங்களுக்கும் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதில் இப்பணிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது.

எங்கே படிக்கலாம்?

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் நூலக அறிவியல் இளநிலைப் பட்டப் படிப்பில் சேரலாம். பல பல்கலைக்கழகங்களில் இளநிலை ஓராண்டும், அடுத்து முதுநிலை ஓராண்டும் நடத்தப்படுகின்றன. சிலவற்றில் இரண்டும் இணைந்த இரண்டாண்டுப் படிப்பு உள்ளது. தலைநகரில் தில்லி பல்கலைக்கழகத்தின் நூலக, தகவல் அறிவியல் துறை இப்படிப்புகளை அளிக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியில் இளநிலை, முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. நூலகக் கணினிமயமாக்கம், வலையமைப்பு ஆகியவற்றுக்கென்றே முதுநிலைப் பட்டயப் படிப்பு ஒன்றையும் அப்பல்கலைக்கழகம் வகுத்துள்ளது.

தொழில்நுட்பத்தில் ஆழமாகச் செல்ல விரும்புவோர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய இடம் பெங்களூரு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் அங்கே இயங்கும் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை 1962-இல் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அங்கு நடத்தப்படும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்கள் சேர்க்கப்படுகின்றனர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்களைப் பகுப்பதற்கு அவர் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு பொருளை அதன் கூறுகளாகப் பிரித்துக் குறியீடுகளால் இணைக்கிறது. இணைய விற்பனைத் தளங்களில் விலை, நிறம், அளவு எனப் பல கூறுகளால் தேடலைச் சுருக்கும் இன்றைய முறையும் அதே கருத்தை ஒட்டியதே. ரங்கநாதனும் அவ்ரமும் வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கணிதமும் கணினியும் பயின்ற இளைஞர்கள் கருத்தில் கொள்ளலாம்.

கணினிப் பட்டதாரிகள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எவ்வளவு நிரல் எழுதத் தெரிந்தாலும், நூலக அறிவியல் பட்டம் இல்லாதவர் நிரந்தர நூலகர் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்க இயலாது. நூலகப் பட்டதாரிகளுக்கும் இதன் மறுபக்கம் பொருந்தும். பாடத்திட்டத்தில் ஒரு தாளாகப் படித்த கணினி, சர்வர் நின்றுபோன காலை வேளையில் கைகொடுக்காது.

சொந்தக் கணினியே பயிற்சிக்கூடம்

இத்தொழிலுக்குத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரண மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தையும், அதன்மேல் கோஹாவையும் நிறுவிப் பழகலாம். இதற்கான வழிகாட்டிகள் இணையத்தில் உள்ளன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் "ஸ்போக்கன் டுடோரியல்" திட்டத்தில் கோஹாவுக்கென்று காணொளிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நிறுவியபின், வீட்டில் உள்ள 100 நூல்களைக் கொண்டு ஒரு சிறு நூலகத்தை அமைப்பது நல்ல தொடக்கம். "இசட் 39.50" என்ற நெறிமுறையின் வழியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் போன்றவற்றிலிருந்து ஆயத்தமான பதிவுகளை எடுத்துச் சேர்க்கலாம். அங்கே கிடைக்காத தமிழ், ஹிந்தி நூல்களுக்கு யூனிகோடில் தாமே பதிவு எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு பார்கோடு அச்சிடுவது, உறுப்பினர்களைச் சேர்ப்பது, நூல் வழங்கும் விதிகளை அமைப்பது, தாமதக் கட்டணம் சரியாகக் கணக்கிடப்படுகிறதா எனப் பார்ப்பது என்று படிப்படியாக முன்னேறலாம்.

அடுத்த படி, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பழகுவது. கடந்த 5 ஆண்டுகளில் ஒருவரும் எடுத்துச் செல்லாத நூல்கள் எவை, எந்தத் துறை மாணவர்கள் நூலகத்துக்கு அதிகம் வருகின்றனர், திரும்பி வராத நூல்களின் மொத்த மதிப்பு என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு "எஸ்.க்யூ.எல்." மொழியில் சில வரிகள் எழுதினால் கோஹா விடை தந்துவிடும். நூலகக் குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் முதல்வர் கேட்கும் புள்ளிவிவரத்தை உடனே எடுத்துத் தருபவர் அந்த நிறுவனத்தில் விரைவில் தவிர்க்க முடியாதவராகிவிடுகிறார்.

பதிவுகளைத் தொகுதியாகத் திருத்த "மார்க்எடிட்", ஒழுங்கற்ற பட்டியல்களைச் சீராக்க "ஓப்பன்ரிஃபைன்" ஆகிய இலவசக் கருவிகள் உள்ளன. இறுதியாக ஒரு தேர்வைத் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளலாம். காப்புப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, நிறுவிய அனைத்தையும் அழித்துவிட்டு, அந்தப் பிரதியிலிருந்து நூலகத்தை முழுமையாக மீட்க முடிகிறதா என்று பார்ப்பதே அத்தேர்வு. முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுவோர் குறைவு. மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்ப முடியாது என்பதை இந்தப் பயிற்சி கற்றுத் தருகிறது.

லண்டன் தரும் எச்சரிக்கை

இந்தப் பாடத்தின் முக்கியத்துவத்தை உலகுக்கு உணர்த்தியது பிரிட்டிஷ் நூலகத்தில் நேர்ந்த சம்பவம். 2023 அக்டோபரில் பிணைத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று அந்நூலகத்தின் கணினிகளை ஊடுருவி முடக்கியது. நூற்பட்டியல் மீண்டும் இணையத்தில் தேடக்கூடியதாக வந்தது 2024 ஜனவரியில்தான்; அதுவும் முழு வசதிகள் இன்றி. அலமாரிகளில் கோடிக்கணக்கான ஆவணங்கள் அப்படியே இருந்தபோதும், அவற்றை எடுத்துத் தரும் வழி அடைபட்டிருந்தது. நிலைமை மோசமானதற்குப் பழைய கணினி அமைப்புகளும் ஒரு காரணம் என அந்நூலகமே பின்னர் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அத்தகைய பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், மேஜைக்கு அடியில் உள்ள ஒரே கணினியை சர்வராகப் பயன்படுத்தி, காப்புப் பிரதியையும் அதே கணினியில் வைத்திருக்கும் கல்லூரிகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. நூல்களை யார் யார் எடுத்துப் படித்தனர் என்ற விவரமும் அதே கணினியில்தான் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ள நிலையில், அவ்விவரங்களைக் காப்பதும் நூலகத்தின் கடமையாகிறது.

வேலை எங்கே?

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உதவி நூலகர், கல்லூரி நூலகர் பணியிடங்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி 10-ஆம் நிலையில் தொடக்க ஊதியம் மாதம் ரூ.57,700, படிகள் தனி. இன்ஃப்ளிப்நெட் மையம் நூலக அறிவியல், கணினி அறிவியல் ஆகிய இரு பிரிவுகளிலும் விஞ்ஞானிகளை நியமிக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுக்கூடங்கள், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குத் தகவல் சேவை அளிக்கும் தில்லியின் "டெசிடாக்" ஆகியவற்றிலும் இத்திறனுக்கு இடமுண்டு. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் நூலகர் பணியிடங்கள் உள்ளன. நூலக மென்பொருள்களை விற்கும், பராமரிக்கும் தனியார் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. சிறிய நூலகங்களுக்குக் கோஹாவை நிறுவித் தந்து, தரவுகளை மாற்றித் தந்து, அதையே தொழிலாக நடத்துவோரும் இருக்கின்றனர்.

ஆனால் இத்துறைக்குள் நுழைவோர் சில உண்மைகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. நிரப்பப்படாமல் கிடப்பவையும் உண்டு. முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியாகவோ, திட்டப் பணியாகவோ அமையவே வாய்ப்பு அதிகம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தரும் ஊதியத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. தேசியத் தகுதித் தேர்வுக்கான தயாரிப்பை ஒப்பந்தக் காலத்திலேயே விடாமல் தொடர்ந்தவர்களுக்கே நிரந்தரப் பணியின் கதவு திறக்கிறது.

நிர்வாகங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஒருவர் செல்லும்போது, சர்வரின் கடவுச்சொற்களும், அமைப்பு முறை பற்றிய குறிப்புகளும் அவரோடு சென்றுவிடும் நிலை நீடிக்கக் கூடாது. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, அடுத்தவரிடம் ஒப்படைப்பதை விதியாக்கலாம். தனியார் மென்பொருள் வாங்கும்போது, ஒப்பந்தம் முடிந்தாலும் நூற்பதிவுகள் அனைத்தும் பொதுத் தரநிலை வடிவில் நூலகத்துக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே சேர்க்கலாம். இவ்விரண்டுக்கும் கூடுதல் செலவு ஏதும் இல்லை. ஆனால் இவற்றைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கொள்முதல் குழுவில் இருக்க வேண்டும்.

இன்று புதியதாகத் தோன்றும் மென்பொருளும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் பழையதாகிவிடும். அப்போதும் மாணவர் ஒருவர் ஆசிரியர் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவார். அவருக்கு வேண்டிய நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பட்டியல் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பதிவுகளைச் சிதையாமல் கொண்டு சேர்ப்பதே இத்தொழிலுக்கு வருவோர் ஏற்கும் பொறுப்பு. இளைஞர்கள் அதற்கான திறனை ஒரு மடிக்கணினியைக் கொண்டே வளர்த்துக்கொள்ள முடியும். அத்திறனுக்கு ஒரு பெயரும், ஒரு பணியிடமும் தர வேண்டியது கல்வி நிறுவனங்களின் கையில் இருக்கிறது.